கடலை மாவும் எட்டு வளையமும்

எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம். சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனையை மடித்து, ஒரு கண்ணில் குழாயையும் மறு கண்ணில் மடித்த நுனியையும் நுழைத்துவிட்டால் தண்ணீர் வெளியே போகாது. அவ்வளவுதான் அதன் வேலை. கடையில் கேட்டால் கைநிறைய அள்ளிக் கொடுப்பார்கள். அதில் ஒன்றை நான் பல வருடங்களாக என் நர்ஸ் சீருடையின் பையில் பேனா, கத்தரிக்கோல், பிளாஸ்திரிச் சுருளோடு சேர்த்து வைத்துக்கொண்டு அலைந்தேன். வார்டில் உடன் வேலை பார்ப்பவர்கள் இது என்ன தாயத்தா என்று கேலி செய்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த வயதில், இந்த முழங்கால்களோடு, எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு நிற்க முடிவதில்லை.

அந்த வளையம் என் நங்கையின் வயலிலிருந்து வந்தது. கணவனின் அக்காவை எங்கள் வீட்டுப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். என் கணவருடைய ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால், தமிழ் பேசுகிற மார்டள்ளிக்குப் பக்கம். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். நங்கைக்குக் குழந்தை இல்லை. கணவர் இறந்தபின் தன் கொழுந்தனார் வீட்டில் ஏழு வருடம் இருந்தார். இருந்தார் என்பதை விட, சமைத்தார், சாணி அள்ளினார், அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார் என்று சொல்வதுதான் சரி. ஒரு நாள் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறி, ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் கணவர் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் நடக்கலடா. இந்தக் கை இருக்குது. இத நம்பி வந்துட்டேன்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். அகலமான கை. எங்கள் குளியலறை வாளியை அந்தக் கை ஒரே விரலில் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

நரசீபுரம் சாலையில், நகரம் முடிகிற இடத்தில், ஒரு கௌடருக்கு ஒன்றேகால் ஏக்கர் சும்மா கிடந்தது. உப்பு உரம் கொட்டிக் கொட்டி மண் செத்துவிட்டது என்று அவருக்கு ஒரு வருத்தம். என் கணவருடைய தொழிற்சாலை நண்பர் மூலமாகப் பேச்சு நடந்தது. கௌடர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு பிடி ரசாயன உரமும் உள்ளே வரக்கூடாது. சாணம், கோமியம் என்று எதையாவது கரைத்து விட்டுக் காய்கறி எடுத்துக் காட்டு. "யுகாதி தனகா நோடோண" என்றார். யுகாதி வரைக்கும் பார்க்கலாம் என்று அர்த்தம். பயிர் வந்தால் நிலம் தொடரும். வராவிட்டால் நங்கை மறுபடியும் கொழுந்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டே அறை. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இனி மறைப்பதற்குத் தெம்பில்லை.

நங்கைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். கன்னடம் பேச்சளவில், அதுவும் அரைகுறை. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். "ஹ வந்தா ப போட்டுக்கோ, அம்மிணி. ஹாலுன்னா பாலு. ஹூவுன்னா பூவு. ஹுளின்னா புளி. இதுக்குப் போயி பயப்படறதா?" என்பார். சொட்டுநீருக்குக் கன்னடத்தில் ஹனி நீராவரி என்று பெயர் என்று நான் சொன்னபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஹனின்னா பனி. பனி சொட்டுற மாதிரி தண்ணி சொட்டுது. சரியாத்தான் பேரு வெச்சிருக்கறாங்க" என்றார். நாற்பது வருடமாகக் கன்னடம் பேசுகிற எனக்கு அது தோன்றியதேயில்லை. ஆனாலும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்ள அவருக்குக் கன்னடம் போதாது. அதனால் விவசாயிகளுக்கு ஒரு நாள் பயிற்சி என்று தெரிந்ததும் என்னைத் துணைக்கு அழைத்தார்.

அன்று காலை நான் இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போனேன். நீளமான கூடம், மேலே சுற்றும் விசிறி, மைக்கில் ஒரே சீரான குரல். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த நர்ஸும் தூங்கிவிடுவாள். பயிற்சியாளர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசல் கரைக்கும் முறையை நான் நோட்டுத் தாளில் தமிழில் எழுதினேன். இருநூறு லிட்டர் டிரம். பத்து கிலோ நாட்டு மாட்டுச் சாணம். கோமியம். இரண்டு கிலோ வெல்லம். வரப்பு மண் ஒரு பிடி. நடுவில் ஒரு முறை தலை சரிந்து முழித்தேன். அப்போது அவர் "கடலெ ஹிட்டு எரடு கேஜி" என்று சொல்லியிருக்கிறார். கடலை மாவு இரண்டு கிலோ. என் காதில் விழுந்தது கடலெ ஹிண்டி. ஹிண்டி என்றால் புண்ணாக்கு. தாளில் "கடலைப் புண்ணாக்கு 2 கிலோ" என்று எழுதி, அழகாகக் கோடும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நங்கை என் கையெழுத்தைப் பார்த்து, "டாக்டருக்கு எழுதற மாதிரி எழுதறயே" என்று பெருமைப்பட்டார்.

நங்கை வேலை செய்வதைப் பார்த்தால் நம் வேலைமேல் நமக்கே சந்தேகம் வரும். வயலின் மோட்டார் அறையிலேயே தங்கிக்கொண்டு, நீல நிற டிரம்மை வேப்பமர நிழலில் வைத்து, காலையிலும் மாலையிலும் மூங்கில் கழியால் வலப்பக்கமாகவே சுற்றிக் கலக்குவார். நாள் கணக்கு தவறாது. புளித்த வாசனை வந்ததும் பழைய நைலக்ஸ் சேலையை நான்காக மடித்து, இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டி வடிகட்டுவார். "நீ ஆஸ்பத்திரியில ஏத்தறது மனுசனுக்கு டிரிப்ஸு. இது செடிக்கு டிரிப்ஸு. ரத்தத்துல ஒரு தூசி போலாமா?" என்று கேட்பார். வடித்ததைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரோடு குழாயில் விடுவார். தக்காளி ஆயிரத்துச் சொச்சம் செடி. ஒவ்வொரு செடியின் காலடியிலும் அந்தப் பழுப்பு நீர் துளித்துளியாக விழுவதைப் பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். விடுமுறை நாட்களில் நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். என் உடம்புக்கு ஓய்வு கிடைத்த இடம் அந்த வயல் ஒன்றுதான்.

தை பிறந்து செடிகள் பூவெடுத்த நேரம். மூன்றாவது முறை கரைசல் விட்ட பிறகு, மோட்டாருக்கு எட்டத்தில் இருந்த கிழக்குப் பக்கத்து வரிசைகள் தலை தொங்கின. மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் இருக்கிறது, மண் மட்டும் காய்ந்திருக்கிறது. நங்கையிடமிருந்து போன் வந்து நான் போனபோது அவர் ஒரு குழாயைக் கத்தியால் பிளந்து வைத்திருந்தார். உள்ளே, துளைக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் சளி ஒட்டியிருந்தது. குழாய்க்குள்ளேயே துளை அமைந்த வகை அது. வெளியிலிருந்து ஊசி போட்டுக் குத்தவும் வழியில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். வரிசை வரிசையாக எட்டு வளையத்தைக் கழற்றி, மடித்த முனையை நிமிர்த்தி, மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டோம். டிரிப்ஸில் காற்றுக் குமிழி நின்றால் தட்டுவதுபோல நான் குழாயைச் சுண்டிக்கொண்டே நடந்தேன். முனையிலிருந்து மஞ்சள் கட்டி கட்டியாக வந்து விழுந்தது. கழற்றிய வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்ப மாட்டியபோது ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. திறக்காத துளைகளுக்குக் கீழே இருந்த செடிகளுக்கு நங்கை குடத்தில் தண்ணீர் சுமந்தார். அப்படியும் கிழக்குப் பாதி போய்விட்டது. பிடுங்கிப் போட்ட செடிகள் முன்னால் உட்கார்ந்து, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடிகட்டினது சரியில்ல, அம்மிணி. என்ற கைதான் சரியில்ல" என்றார்.

அடுத்த வாரம் நான் தனியாக அந்தப் பயிற்சி நடந்த விவசாய அலுவலகத்துக்குப் போனேன். குழாய் அடைக்காமல் இருக்க ஏதாவது மருந்து உண்டா என்று கேட்கத்தான் போனேன். சுவரில் ஜீவாமிர்தம் செய்முறை கன்னடத்தில் ஒட்டியிருந்தது. கடலெ ஹிட்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே, சொட்டுநீரில் விடுவதாக இருந்தால் புண்ணாக்கு சேர்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசின் துளையை அடைக்கும் என்றும் இருந்தது. மருந்துச் சீட்டை மூன்று முறை படித்துப் பார்க்காமல் ஒரு ஊசியும் போடாதவள் நான். ஜூனியர்களை அதற்காக அழவைத்திருக்கிறேன். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அதையும் மூன்று முறை படித்தேன். அன்று மாலையே நங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். வயலுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். போய் நின்றதும் வாயிலிருந்து வந்தது வேறு: "நங்கை, இனிமே புண்ணாக்கு வேண்டாமாம். கடலை மாவு போடச் சொல்றாங்க. புதுசா மாத்தியிருக்காங்களாம்." நங்கை உடனே சரி என்றார். ஆபீசில் மாற்றியிருக்கிறார்கள் என்றால் மாற்றியிருப்பார்கள். அவர் தம்பி மனைவி பொய் சொல்வாள் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்?

மேற்குப் பாதி காய்த்தது. நன்றாகவே காய்த்தது. யுகாதிக்கு இரண்டு நாள் முன்பு கௌடர் வந்து வரப்பில் நின்று பார்த்தார். கிழக்குப் பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "அது என்ற தப்புங்க, எசமான். வடிகட்டத் தெரியல" என்றார் நங்கை. அந்த வாக்கியத்தை நான் என் வாயாலேயே கன்னடத்தில் சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அன்றைக்கு மொழிபெயர்ப்பு மிகச் சரியாக இருந்தது. கௌடர் ஒரு தக்காளியைப் பறித்து அங்கேயே கடித்துத் தின்றுவிட்டு, தலையாட்டினார். நிலம் தொடர்ந்தது. நங்கை அழுதார். நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்கு.

நிலம் தங்கிவிட்டது, இனி எதற்குப் பழைய கதையைக் கிளற வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த நடவு வரைக்கும்தான் அந்தச் சமாதானம் நின்றது. நாற்றுத் தட்டுகள் வந்து இறங்கிய காலை, நங்கை எனக்குப் போன் செய்து கட்டாயம் வரச் சொன்னார். போனதும் முதல் நாற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ நடு. என்ற கைக்கு ராசியில்லைன்னு தெரிஞ்சு போச்சு. உன்றது உசுரக் காப்பாத்தற கை" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அதிலிருந்து எட்டு வருடம், கத்தரி, பீன்ஸ், தக்காளி, மிளகாய் என்று எது வந்தாலும் முதல் நாற்று என் கையால்தான். என்னால் வர முடியாத நாட்களில் எனக்காக நாற்று ஈரச் சாக்கில் காத்திருக்கும். பக்கத்து வயல் பெண்களிடமும் என் கைராசியை அவர் சொல்லிச் சொல்ல, அவர்களும் விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என்னைத் தொட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். நான் தொட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? சொல்ல வேண்டியதை ஒரு நாள் தள்ளினால் மறுநாள் அது இரண்டு மடங்கு கனக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கவே முடிவதில்லை. நான் சோர்ந்துபோனது வார்டு வேலையால் மட்டும் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கௌடர் காலமான பின் அவர் மகன் நிலத்தை லேஅவுட்டுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே தார்ச்சாலையும் கல் நட்ட மனைகளும் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது வேப்பமரத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறேன். நங்கை எங்களோடு வந்துவிட்டார். மாடியில் பன்னிரண்டு பைகளில் செடி வைத்து, வயலிலிருந்து சுருட்டி எடுத்துவந்த குழாயில் ஒரு துண்டை வெட்டிப் பொருத்திக்கொண்டார். டிரம்முக்குப் பதில் பெயின்ட் வாளி. கடலை மாவு ஒரு கைப்பிடி. வந்த இரண்டாவது வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. கால் கொஞ்சம் தேறியது. கை தேறவில்லை. தினமும் டியூட்டி முடித்து வந்து அந்தக் கையை என் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்குவேன்.

அப்படி ஒரு மாலையில்தான் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "இத எதுக்கு இப்படி நீவற? இது அன்னைக்கே ஒண்ணுக்கும் ஆகாத கை." அந்தக் கை என் கையில் கனமாக இருந்தது. இனி முடியாது என்று தோன்றியது. தைரியம் வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், களைப்பினால் சொன்னேன். "நங்கை, அது உங்க கை இல்ல. நான் தப்பா எழுதிட்டேன். தூக்கக் கலக்கத்துல காதுல தப்பா விழுந்துச்சு. பயிற்சியில அவர் புண்ணாக்குன்னு சொல்லவேயில்ல."

"பின்ன என்ன சொன்னாரு?"

"கடலெ ஹிட்டு."

"ஹிட்டு" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். உதடு கோணியிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. "பிட்டு. மாவு." அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கு நேரம் தேவைப்படவில்லை. அன்று என் தாளை நம்பாமல் தன் காதை நம்பியிருந்தால்கூட அவர் ஹவை எடுத்துவிட்டு பவைப் போட்டுக் கண்டுபிடித்திருப்பார். தெரிந்தவள் என்று நான் நடுவில் போய் உட்கார்ந்ததுதான் தப்பு. நங்கை என் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்தக் கை மேல தப்பு ஒண்ணும் இல்லையா, அம்மிணி?" இல்லை என்றேன். இடது கையால் வலது கையை என் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் போதும் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பத்து நாட்கள் கையை நீவ என்னிடம் கொடுக்கவில்லை.

பதினோராம் நாள் தக்காளி நாற்று வந்தது. வழக்கம்போல மாடியில் மண்டியிட்டு முதல் நாற்றை எடுத்தேன். "தள்ளிக்கோ" என்றார். நாற்காலியிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தரையில் உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைப் பிடித்துப் பைக்குள் வைத்து, மடங்கிய விரல்களுக்கு நடுவில் நாற்றைச் செருகி, இடது கையால் மண்ணை அணைத்தார். ஒரு நாற்றுக்குக் கால் மணி நேரம் ஆனது. செடி கோணலாக நின்றது. பன்னிரண்டையும் அவரே நட்டார். முடிந்ததும் குழாய் முனையைக் காட்டி, "இதுக்கு வளையம் உடைஞ்சு கெடக்குது, கயிறு கட்டி வெச்சிருக்கறேன். உன்ற பையில ஒண்ணு வெச்சிருப்பியே" என்றார். எட்டு வளையத்தை எடுத்துக் கொடுத்தேன். நான் அதை வைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது, ஏன் வைத்திருந்தேன் என்றும் அப்போது புரிந்திருக்கும். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் தக்காளி பழுத்ததை அவர் பார்த்தார். அடுத்த நடவுக்கு அவர் இல்லை. இப்போது வளையம் மாடிக் குழாயின் முனையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றி, முனையை நிமிர்த்தி, அழுக்குத் தண்ணீர் போகவிட்டு மறுபடி மாட்டுகிறேன். சீருடைப் பை காலியாக இருக்கிறது. கை மட்டும் பழக்கத்தில் உள்ளே போய்த் தேடிவிட்டு வருகிறது. இந்த முறை நாற்றுத் தட்டு வந்து நான்கு நாளாகிறது. பைகளில் மண் தயாராக இருக்கிறது, வாளியில் கரைசல் புளித்துவிட்டது, என் கணவர் நட்டுத் தொலையேன் என்கிறார். இன்றும் டியூட்டி முடிந்து வந்து மாடிக்குப் போய், குழாயைத் திறந்து சுத்தம் செய்து, எட்டு வளையத்தை மாட்டினேன். உசுரக் காப்பாத்தற கை என்று அவர் சொன்ன இந்தக் கையில் முதல் நாற்றை எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.